26 பிஎஸ்ஐ: எக்ஸ்ப்ளோரர் டயர்களும் உயரமான வண்டிகளும்

"டயர் வெடித்துக் கார் கவிழ்ந்தது" என்று செய்தித்தாளில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் ஐந்து தனித்தனி நிகழ்வுகள் இருக்கின்றன. ரப்பர் சூடாகிறது. உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. பின்சக்கரம் பிடிமானத்தை இழக்கிறது. ஓட்டுபவர் பதறி ஸ்டியரிங்கை வெட்டுகிறார். கடைசியில் சாலையோர மண்ணில் சக்கரம் மாட்டி வண்டி புரள்கிறது. இவற்றில் ஒன்று மட்டும் நடக்காமல் போயிருந்தால் அந்தக் குடும்பம் ஸ்டெப்னியை மாற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். எஸ்யூவி வைத்திருக்கும் எல்லோரும் இந்த வரிசையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதை முழுதாக விளங்கவைக்க, அமெரிக்காவில் நடந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், ஃபயர்ஸ்டோன் டயர் வழக்கைவிட நல்ல பாடம் இல்லை.

எக்ஸ்ப்ளோரர் 1990இல் சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவில் அதிகம் விற்கும் எஸ்யூவி ஆகிவிட்டது. பிக்கப் லாரியின் அடிச்சட்டத்தின் மேல் குடும்பத்துக்கான உடலைப் பொருத்திய வண்டி அது. பெரும்பாலானவற்றில் ஃபயர்ஸ்டோனின் ஏடிஎக்ஸ், பிறகு வில்டர்னஸ் ஏடி டயர்கள். அளவு பி235/75ஆர்15. 1990களின் நடுவிலிருந்தே டெக்சஸ், ஃபுளோரிடா, அரிசோனா, கலிஃபோர்னியா போன்ற வெயில் மாநிலங்களில் இந்த டயர்களின் பட்டன் பகுதி (சாலையைத் தொடும், பள்ளக்கோடு போட்ட மேல் ரப்பர்) ஓட்டத்திலேயே உரிந்து போவதாகப் புகார்கள் வரத் தொடங்கின. ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் 1998இலேயே இதே டயரில் 21 சம்பவங்கள் இருப்பதைத் தொகுத்து, அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு எழுதினார். அது கண்டுகொள்ளப்படவில்லை. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டனின் கேஎச்ஓயு தொலைக்காட்சி இதை ஒளிபரப்பிய பிறகுதான் புகார்கள் குவிந்தன. மே மாதம் விசாரணை தொடங்கியது. 2000 ஆகஸ்ட் 9 அன்று ஃபயர்ஸ்டோன் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. தயாரித்தவை 1 கோடியே 44 லட்சம். அவற்றில் சுமார் 65 லட்சம் அன்றும் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் மட்டும் 271 பேர் இறந்ததாகவும் 800க்கும் மேற்பட்டோர் காயமடைந்ததாகவும் நிர்வாகத்துக்கு வந்த புகார்களில் பதிவாகியிருக்கிறது.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. சவுதி அரேபியா உள்ளிட்ட வளைகுடா நாடுகளில் ஃபோர்டு 1999இலேயே இந்த டயர்களை மாற்றித்தர ஆரம்பித்துவிட்டது. வெனிசுவேலாவிலும் அமெரிக்க அறிவிப்புக்கு முன்பே மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. வெளிநாட்டில் திரும்பப் பெற்றால் அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லை. அந்தத் தகவல் ஓர் ஆண்டு முன்னால் வந்திருந்தால் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள் என்ற கேள்வி இன்னும் அப்படியேதான் நிற்கிறது.

டயருக்குள் என்ன நடந்தது

ரேடியல் டயரை வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும். உள்பக்கம் காற்றைத் தாங்கும் பியூட்டில் ரப்பர் உறை. அதன் மேல் விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஓடும் பாலியஸ்டர் நூல் அடுக்கு. அதற்கு மேலே, பட்டனுக்கு நேர் கீழே, ரப்பரில் பொதிந்த இரண்டு எஃகுக் கம்பிப் பட்டைகள். ஒன்றில் கம்பிகள் இடப்பக்கம் சாய்ந்தும் மற்றதில் வலப்பக்கம் சாய்ந்தும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய ரப்பர் மட்டும்தான். டயரின் மொத்த உறுதியும் நடுவிலிருக்கும் அந்த ரப்பர் இரண்டு பட்டைகளையும் எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் தரையைத் தொடும் இடம் தட்டையாகி மறுபடி வளைகிறது. அந்த நேரத்தில் மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் எதிரெதிர்த் திசையில் இழுபடுகின்றன. இழுவை மிக அதிகமாக இருப்பது பட்டைகளின் ஓரத்தில், அதாவது பட்டனும் பக்கச்சுவரும் சேரும் தோள் பகுதியில். வெட்டிய கம்பி நுனிகள் முடிவதும் அங்கேதான். அந்த நுனிகளைச் சுற்றி முதலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுகின்றன. நுனிகளை இணைத்துக்கொண்டு விரிசல் டயரைச் சுற்றி ஓடுகிறது. பிறகு இரண்டு பட்டைகளுக்கும் நடுவே உள்நோக்கி நகர்கிறது. வெளியே பார்த்தால் டயர் புத்தம் புதிதுபோல் இருக்கும். உள்ளே கால்வாசியோ பாதியோ பிரிந்திருக்கும். ஒருநாள் நெடுஞ்சாலை வேகத்தில், வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் வெளிநோக்கிய விசை, மேல் பட்டையையும் பட்டனையும் சேர்த்துப் பிய்த்து எறிந்துவிடுகிறது.

இதைத் தடுப்பதற்காகவே இரு பட்டைகளின் ஓரங்களுக்கு நடுவில் ஆப்பு வடிவ ரப்பர் துண்டு ஒன்றை வைப்பார்கள். 2001 அக்டோபரில் வெளியான அரசு அறிக்கை இரண்டு குறைகளைச் சுட்டியது. வில்டர்னஸ் ஏடியின் தோள் பகுதியில் இருந்த பள்ள வடிவமைப்பு பட்டை ஓரத்தில் அழுத்தத்தைக் கூட்டியது. ஆப்பு ரப்பரும் போதிய கனத்தில் இல்லை. 1998இல் ஃபயர்ஸ்டோன் அந்த ஆப்பைக் கனமாக்கியது. அதற்கு முன் தயாரான மேலும் 35 லட்சம் டயர்கள் அந்த அறிக்கைக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டன. முதல் அறிவிப்பில் சிக்கிய வில்டர்னஸ் டயர்கள் இல்லினாயில் உள்ள டெகேட்டர் ஆலையில் செய்தவை. அங்கே 1994 முதல் 1996 வரை கடுமையான தொழிலாளர் தகராறு நடந்தது. அந்தக் காலத்து டயர்களில் கோளாறு கூடுதலாக இருந்தது என்று பிரின்ஸ்டன் பொருளாதார ஆய்வாளர்கள் பின்னாளில் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆலை 2001 இறுதியில் மூடப்பட்டது.

வெயில் மாநிலங்களில் ஏன் அதிகம்? விரிசலை ஓடவைப்பது வெப்பம். டயருக்குள் இருக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல மெல்ல உறையைத் தாண்டிப் பட்டை ரப்பருக்குள் ஊறுகிறது. வெப்பம் கூடக் கூட அந்த ஆக்சிஜனேற்றம் வேகமாகிறது. ரப்பர் விறைத்து, இழுபடும் தன்மையை இழக்கிறது. வண்டி ஓடினாலும் சரி, வெயிலில் நின்றாலும் சரி, இது நடந்துகொண்டேயிருக்கும். டயரின் வயது அதன் தேய்மானத்தைப் போலவே முக்கியம் என்பதன் காரணம் இதுதான்.

காற்றின் கணக்கு

இந்த வழக்கின் மையத்தில் ஓர் எண் இருந்தது. எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). வண்டி வெளிவருவதற்கு முன் நடந்த சோதனைகளில் அதன் கவிழும் போக்கு ஃபோர்டு பொறியாளர்களைக் கவலைப்பட வைத்தது என்பது பின்னர் வெளிவந்த உள் ஆவணங்களில் இருக்கிறது. காற்றைக் குறைத்தால் டயர் மென்மையாகிப் பக்கவாட்டுப் பிடிமானம் சற்றுக் குறையும். அப்போது வண்டி புரள்வதற்கு முன் வழுக்கும். சொகுசும் கூடும். ஆனால் அதே மென்மை டயரின் பக்கச்சுவரை அதிகமாக வளையவைத்துச் சூட்டைக் கூட்டுகிறது. சுமை தாங்கும் திறனையும் குறைக்கிறது. ஃபயர்ஸ்டோன் பிறகு 30 பிஎஸ்ஐ வைக்கச் சொன்னது.

சுமைக் கணக்கைப் பாருங்கள். பி235/75ஆர்15 டயர் 35 பிஎஸ்ஐயில் 920 கிலோ தாங்கும் என்று பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும். அது கார் டயர் வகை. கார் டயரை எஸ்யூவியிலோ பிக்கப்பிலோ மாட்டினால் அந்த எண்ணை 1.1ஆல் வகுக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. உயரமான வண்டி வளைவில் சுமையை ஒரு பக்கம் அதிகமாகத் தள்ளும் என்பதற்கான ஒதுக்கீடு அது. வகுத்தால் 836 கிலோ. காற்றை 26ஆகக் குறைத்தால் அதிலும் இன்னொரு பங்கு போய்விடும். பின்னிருக்கையில் மூன்று பேர், பின்னால் பெட்டிகள், மேலே கேரியர் என்று ஏற்றினால் பின்டயருக்கு மிஞ்சும் தாங்குதிறன் மிகக் கொஞ்சம். அந்த நிலையில் கவனிக்காமல் விட்டு 4, 5 பிஎஸ்ஐ இறங்கியிருந்தால் 26 என்பது 21 ஆகிவிடும். 35இல் 5 குறைவதும் 26இல் 5 குறைவதும் ஒன்றல்ல.

ஃபோர்டு டயரைக் குற்றம் சொன்னது. அதே அளவில், அதே காற்றழுத்தத்தில் குட்இயர் டயர் போட்ட எக்ஸ்ப்ளோரர்களில் இவ்வளவு கோளாறு இல்லையே என்றது. ஃபயர்ஸ்டோன் வண்டியைக் குற்றம் சொன்னது. அதே டயர் ஃபோர்டின் ரேஞ்சர் பிக்கப்பில் இப்படிப் பிரியவில்லையே என்றது. இரண்டு வாதத்திலும் உண்மை இருந்தது. ஹென்றி ஃபோர்டும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் 1906இல் தொடங்கிய உறவு 2001 மே 21 அன்று முறிந்தது. அடுத்த நாளே மீதியிருந்த 1 கோடியே 30 லட்சம் வில்டர்னஸ் டயர்களையும் மாற்றித்தருவதாக ஃபோர்டு அறிவித்தது. எக்ஸ்ப்ளோரரின் ஓட்டத் தன்மையை விசாரிக்க வேண்டும் என்று ஃபயர்ஸ்டோன் கேட்டதை 2002 பிப்ரவரியில் அரசு நிராகரித்தது. பட்டன் பிரிந்த பிறகு எக்ஸ்ப்ளோரர் மற்ற எஸ்யூவிகளைவிடக் குறிப்பிடும்படி மோசமாக நடந்துகொள்ளவில்லை என்பதே அது சொன்ன காரணம். ஃபோர்டுக்கு அது வெற்றிதான். எஸ்யூவி ஓட்டுபவர்களுக்கு அது எச்சரிக்கை: பின்டயர் பிரிந்தால் அந்த வகை வண்டிகள் எல்லாவற்றுக்குமே அதே ஆபத்து.

பின்டயர், ஸ்டியரிங், மண் ஓரம்

நல்ல நிலையில் உள்ள வண்டியை ஸ்டியரிங் திருப்பும்போது முன்சக்கரங்கள்தான் முதலில் கொஞ்சம் வழுக்கும்படி அமைத்திருப்பார்கள். வண்டி எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவாகத் திரும்பும். ஓட்டுபவருக்கு அது பாதுகாப்பு. பின்டயர் ஒன்றின் பட்டன் போய்விட்டால் அந்தச் சமநிலை தலைகீழாகிறது. பட்டனும் மேல் பட்டையும் போன டயர் காற்றோடு இருந்தாலும்கூட, சாலையைப் பக்கவாட்டில் பிடிக்கும் வலிமை அதற்கு வெகுவாகக் குறைந்துவிடும். இப்போது ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலே பின்பகுதி வெளியே வீசப்படுகிறது. மணிக்கு 110 கிலோமீட்டரில், வழக்கமாகத் தடம் மாற்றப் பழகிய அதே அளவு திருப்பம் வண்டியைச் சுழற்றிவிடும்.

முன்டயர் வெடித்தால் வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். கை அதை உணர்ந்து நேராகப் பிடித்துவிடலாம், திசைதிருப்பும் வழியும் ஓரளவு மிச்சமிருக்கும். பின்டயர் வெடித்தால் ஸ்டியரிங்கில் பெரிதாக எதுவும் தெரியாது. முதல் அறிகுறியே வண்டியின் பின்பகுதி அலைவதுதான். எக்ஸ்ப்ளோரர் விபத்துகளில் பின்டயர்கள், குறிப்பாக இடது பின்டயர், அதிகம் சிக்கியதாக விசாரணையில் தெரிந்தது.

உயரத்தின் கணக்கு இங்கே வருகிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் வருவது நிலைத்தன்மை எண். அகலம் 1.5 மீட்டர், மைய உயரம் 0.7 மீட்டர் என்றால் 1.07. சாதாரண கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை. எஸ்யூவி, வேன், பிக்கப்புக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் 1.07 என்றால், வண்டி கவிழ அதன் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான விசை பக்கவாட்டில் வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் தரும் பிடிமானம் பொதுவாக அதைவிடக் குறைவு. அதனால் தார்ச்சாலையில் பக்கவாட்டாக வழுக்கிக்கொண்டே போகும்வரை பல வண்டிகள் கவிழ்வதில்லை. சாலையை விட்டு இறங்கி, மண்ணில் விளிம்பு புதைந்ததும், அல்லது காற்றிழந்த டயரின் உலோக ரிம் தாரையே கீறிப் பிடித்துக்கொண்டதும், தேவையான விசை ஒரே நொடியில் கிடைத்துவிடுகிறது. ஒற்றை வண்டி கவிழும் விபத்துகளில் மிகப் பெரும்பான்மை இப்படி எதிலாவது தடுக்கிக் கவிழ்வதே. உருளும்போது பெல்ட் போடாதவர் வெளியே வீசப்படுகிறார். கவிழ்ந்த வண்டிகளில் இறந்தவர்களில் பெரும்பகுதியினர் பெல்ட் போடாதவர்கள். மேலே கேரியரில் ஏற்றும் ஒவ்வொரு மூட்டையும் மையத்தின் உயரத்தைக் கூட்டுகிறது, நிலைத்தன்மை எண்ணைக் குறைக்கிறது.

ஆக, வெடித்த அந்த நொடியில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து வண்டியைத் தன் தடத்திலேயே நேராக வையுங்கள். பிரேக்கைத் தொடாதீர்கள். பிரேக் போட்டால் எடை முன்னால் பாயும், பின்சக்கரங்களின் மேல் இருந்த பாரம் குறையும். ஏற்கெனவே பிடிமானம் போன பின்பகுதிக்கு மிச்சமிருந்த பிடிப்பும் போய்விடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பதும் சிறிய அளவில் அதையே செய்யும். அதனால் ஓரிரு நொடி அதே அழுத்தத்தில் வைத்து, வண்டி நேரானதும் மெல்ல விடுங்கள். குரூஸ் கண்ட்ரோலில் இருந்தால் பொத்தானால் நிறுத்துங்கள். இறங்கும் வேகத்தை வெடித்த டயரின் இழுவையே பார்த்துக்கொள்ளும். 40, 50 கிலோமீட்டருக்கு வந்த பிறகு சிக்னல் போட்டு, மெல்லிய திருப்பத்தில் ஓரம் கட்டலாம். ஓரம் மண்ணாக இருந்தால் வேகமாக இறக்கவே கூடாது. ரிம் கெட்டுப்போகும் என்ற கவலையில் உடனே நிறுத்தப் பார்ப்பவர்கள் பலர். ரிம்மை வாங்கிக்கொள்ளலாம்.

சட்டம் கொடுத்ததும் கொடுக்காததும்

2000 நவம்பர் 1 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட ட்ரெட் சட்டம் இந்த வழக்கின் நேரடி விளைவு. வெளிநாட்டில் டயரையோ வண்டியையோ திரும்பப் பெற்றால் அமெரிக்க அரசுக்குச் சொல்லியாக வேண்டும். இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் மரணங்களையும் முறையாக அறிவிக்க வேண்டும். டயர் சோதனைத் தரங்கள் கடுமையாயின. காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி 2007 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லா இலகுரக வண்டிகளிலும் கட்டாயமானது. வழுக்கலைக் கண்டு சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனியாகப் பிரேக் போடும் ஈஎஸ்சி, 2007இல் அறிவிக்கப்பட்டு 2012 மாடல்களுக்குள் கட்டாயமானது. எஸ்யூவி கவிழ்வதைக் குறைத்ததில் ஈஎஸ்சிக்கு மிகப் பெரிய பங்கு உண்டு. புது வண்டி வாங்கும்போது சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தை, ஈஎஸ்சி இல்லாத வகையிலிருந்து இருக்கும் வகைக்கு மாறக் கொடுங்கள்.

காற்றழுத்த விளக்கை முழுதாக நம்பாதீர்கள். அந்த விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்திலிருந்து 25 சதவீதம் இறங்கிய பிறகு எரிந்தால் போதும். 35 பிஎஸ்ஐ வைக்க வேண்டிய வண்டியில் 26 வரும்வரை அது எரியாமல் இருக்கலாம். முழுச் சுமையோடு 28இல் நெடுஞ்சாலையில் ஓடும் டயர் விளக்கே இல்லாமல் வெந்துகொண்டிருக்கும். இன்னொன்று, உள்ளே பட்டைகள் பிரிந்துகொண்டிருக்கும் டயரில் காற்று அப்படியே இருக்கும். அந்த விளக்குக்கு அது தெரியவே தெரியாது.

அதை உங்கள் கையும் காதும்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிரியத் தொடங்கிய டயர் சீரான "தட் தட்" ஓசை தரும், வேகம் கூடினால் தட்டலும் வேகமாகும். முன்டயரானால் ஸ்டியரிங் ஆடும், பின்டயரானால் இருக்கையில் அதிர்வு தெரியும். 20, 30 கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டி மெல்லத் தள்ளாடினால் அதற்குப் பேலன்சிங் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. பேலன்சிங் கோளாறு பெரும்பாலும் 80க்கு மேலேதான் தெரியும். நிறுத்தி, பட்டனின் மேல் உள்ளங்கையை வைத்து முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். ஏதாவது ஓர் இடத்தில் மேடு, பட்டனில் ஒரு பட்டையாகத் தனித் தேய்மானம், தோளோரம் சுற்றி ஓடும் கீறல் இருந்தால் அந்த டயரோடு அடுத்த ஊருக்குக்கூடப் போகாதீர்கள். பக்கச்சுவரில் முட்டைபோல் புடைப்பு இருந்தால் குழியில் விழுந்து உள்நூல்கள் அறுந்திருக்கின்றன என்று பொருள். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

காற்றைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள் ஓடியிருக்க வேண்டும். எவ்வளவு வைப்பது என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கிறது. முழுச் சுமைக்குத் தனி எண் இருந்தால் ஊருக்குப் போகும் முந்தைய நாள் அந்த எண்ணுக்கு ஏற்றுங்கள். பல வண்டிகளில் பின்டயர் எண் முன்டயரைவிடக் கூடுதலாக இருக்கும். பெட்ரோல் பங்கில் காற்று அடிப்பவர் நான்குக்கும் ஒரே அளவு வைக்கப் பார்ப்பார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அதன் உச்ச வரம்பு, உங்கள் வண்டிக்கான அளவல்ல. வெப்பநிலை 5, 6 டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். நெடுஞ்சாலையில் ஓடி நிறுத்தியதும் 4, 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதீர்கள். இறக்கினால் மறுநாள் காலை டயர் குறைந்த காற்றோடு நிற்கும், வெடிப்புக்கான முதல் படியை நாமே கட்டியதாகிவிடும்.

டயரின் வயதைப் பார்க்க, பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். முழு எண் ஒரு பக்கச்சுவரில் மட்டும் இருக்கும், வெளிப்பக்கம் தெரியாவிட்டால் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். ஆறு ஆண்டு தாண்டினால் மாற்றச் சொல்லும் வண்டி நிறுவனங்கள் உண்டு. பத்து ஆண்டுக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் ஓட்டக் கூடாது. வெயில் ஊரில் ஓடும் எஸ்யூவிக்கு ஆறைத்தான் எல்லையாகக் கொள்ளச் சொல்வேன். ஸ்டெப்னியும் இதில் சேர்த்திதான். எட்டு வருடம் அடிச்சட்டத்தில் தொங்கிய ஸ்டெப்னியில் பட்டன் முழுதாக இருக்கும், மாட்டுபவருக்குப் புதுசுபோலத் தெரியும். உள்ளே ரப்பர் எட்டு வருடச் சூட்டை வாங்கியிருக்கும். அதை மாட்டினால் பக்கத்து டயர்கடை வரை மெதுவாகப் போகலாம், ஊர்வரை அல்ல.

பஞ்சர் விஷயத்தில் சுருக்கமாக: பட்டனின் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துளையை மட்டுமே ஒட்டலாம். டயரைக் கழற்றி, உள்ளே பார்த்து, உள்பக்கமிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போடுவதுதான் சரியான முறை. வெளியிலிருந்து குத்தித் திணிக்கும் ரப்பர் திரி ஊர்போய்ச் சேர உதவும். அதோடு விட்டால் துளை வழியே ஈரம் இறங்கி எஃகுப் பட்டை துருப்பிடிக்கும். கழற்றும்போது உள்ளே கறுப்புப் பொடி சிதறியிருந்தாலோ, பக்கச்சுவரின் உள்பக்கம் சுற்றி ஒரு தேய்ந்த வளையம் தெரிந்தாலோ, அந்த டயர் காற்றில்லாமல் ஓடியிருக்கிறது. துளை எவ்வளவு சிறியதானாலும் ஒட்டாமல் வீசிவிடச் சொல்லுங்கள்.

கடையில் அடிக்கடி வாக்குவாதம் வருவது இரண்டு டயர் மட்டும் மாற்றும்போது. புதிய ஜோடியை முன்னால் போடச் சொல்வார்கள். முன்டயர்தான் சீக்கிரம் தேய்கிறது, பிரேக்கும் அங்கேதான் அதிகம் பிடிக்கிறது என்பது அவர்கள் வாதம். பின்பிடிமானம் போனால் வண்டி சுழலும் என்று மேலே பார்த்த காரணத்துக்காகவே புதிய ஜோடி பின்னால் போக வேண்டும், பின்னால் இருந்த நல்ல ஜோடி முன்னுக்கு வர வேண்டும். முன்சக்கர டிரைவ் வண்டியானாலும் இதுவே. அளவு, சுமைக் குறியீடு, வேகக் குறியீடு மூன்றும் கதவுத் தூண் அட்டையில் உள்ளதற்குக் குறையாமல் இருக்கிறதா, இரண்டின் தேதி எண்ணும் ஓராண்டுக்குள் இருக்கிறதா என்று பில் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். மாட்டிய பிறகு கடைக்காரர் மாற்றித்தர மாட்டார்.